நேர்கோட்டுப் பாடம்

அறிவியல் வளர வளர, மனிதனின் கைவேலையை எந்திரம் ஏற்றுக்கொள்கிறது. இதை நாம் நூலில் படிக்கிறோம். என் தந்தையார் பட்டறையிலேயே பார்க்கிறார். 1960களில் திருவெறும்பூரை ஒட்டிப் பாரத மிகுமின் தொழிற்சாலை எழுந்த பின், துவாக்குடி வட்டாரத்தில் சிறு பட்டறைகள் பெருகின. அவற்றுள் ஒன்றில் முப்பது ஆண்டுகளாக லேத் ஓட்டுபவர் அவர். திருவரங்கத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் போய் வருகிறார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

சென்ற ஆண்டு அப்பட்டறைக்குக் கணினியால் இயங்கும் சி.என்.சி. எந்திரம் வந்தது. அதைப் பழகியவர்க்கே இனி வேலை என்றார்கள். திரையில் இருப்பதெல்லாம் ஆங்கிலம். "நீதான் படிச்சுச் சொல்லணும், தம்பி" என்றார் அப்பா. ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைக் கணினியில் கேட்டு, இரவில் அவருக்குச் சொன்னேன்.

அந்த எந்திரத்தின் மொழியில் தலையாய கட்டளை ‘ஜி01’. ‘ஜி01 எக்ஸ்40 இசட்-60 எஃப்0.2’ என்றால், குறித்த புள்ளிக்கு நேர்கோட்டில் வெட்டிக்கொண்டே போ. தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது 0.2 மில்லிமீட்டர் முன்னேறு என்று பொருள். இடைப்பட்ட இடங்களை எந்திரமே கணக்கிட்டுக்கொள்ளும். 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இயக்கிக் காட்டப்பட்ட முன்னோடி எந்திரத்துக்குக் கட்டளைகள் துளையிட்ட நாடாவில் தரப்பட்டன.

வியப்பு என்னவெனில், 1954இல் உளவியலறிஞர் ஸ்கின்னர் மாணவர்க்கும் ஏறத்தாழ இம்முறையையே வகுத்தார். பாடத்தைச் சிறு சிறு படிகளாக்க வேண்டும். படிதோறும் ஒரு கேள்வி. விடை சரியா என்பதை உடனே காட்ட வேண்டும். பிறகே அடுத்த படி. எல்லார்க்கும் ஒரே வரிசை. இதுவே நேர்கோட்டுக் கற்பித்தல். நார்மன் கிரௌடர் என்பாரோ, தவறிய மாணவனை அதற்கேற்ற வேறு பக்கத்துக்கு அனுப்பும் கிளைமுறையைக் கொண்டுவந்தார்.

அப்பாவுக்கு ஸ்கின்னர் முறையே ஒத்துவந்தது. நாளுக்கு ஒரு சிறு படி. மூன்றே மாதத்தில் நேர்க் கடைசலுக்குத் தாமே நிரல் எழுதினார். அதோடு எனக்கும் ஒன்று கற்பித்தார்: "சொன்ன இடத்துக்கு அது போயிடும் தம்பி. டூல் மழுங்கினா எங்க மெஷினுக்குத் தெரியாது. சத்தத்தை நாமதான் கேக்கணும்."

நான் கேட்ட கணினிப் பாடமும் அப்படியே. வரிசை பிசகாமல் சொல்லிப் போகும். கேட்பவன் முகம் வாடியதை அறியாது. அதை அறிபவர் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரே. ஆகவே நண்பர்களே, கணினியை ஒதுக்கவும் வேண்டாம். அதை நம்பி ஆசிரியரிடம் ஐயம் கேட்பதை விடவும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிக்கலான வளைவுகளை இவ்வெந்திரங்கள் பெரும்பாலும் மிகச் சிறிய நேர்கோடுகளாகப் பிரித்தே வெட்டுகின்றன. கோடு சிறுக்கச் சிறுக்க வளைவு வழுவழுப்பாகிறது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நமக்கு இது தெம்பூட்டும் செய்தியன்றோ!

அப்பா இப்போது அந்த எந்திரத்தில்தான் வேலை பார்க்கிறார். வட்டவில் வெட்டும் ‘ஜி02’ பாடத்தை அடுத்த வாரமே தொடங்க வேண்டுமாம்.