கிரெயின்

1991 இலையுதிர் காலம். நோர்வேயின் வடக்கே, ஃபின்மார்க்கில் ஒரு மீன்பிடிக் கிராமத்தில் நாங்கள் அண்ணனும் தம்பியுமாக மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தோம். கீழ்வீட்டுக் கிழவருக்கு எங்கள் ஐயாவின் வயசு. அந்த நாட்டு வழக்கப்படி அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். கடைசிவரை எமக்கு நாக்குக் கூசியது.

ஒரு சனிக்கிழமை அவர் எங்களைக் கீழே கூப்பிட்டார். நிலவறை மேசையில் வெறும் பித்தளைக் கோதுகள் வரிசையாக நின்றன. எல்க் மான் வேட்டைக்குத் தன் தோட்டாக்களைத் தானே நிரப்பிக்கொள்கிறாராம். அங்கே வேட்டைக்காரர் பலர் செய்கிற காரியம்தான் அது. பக்கத்தில் மருந்துப் போத்தல். நாங்கள் வாசலிலேயே நின்றுவிட்டோம். வெடிச்சத்தத்துக்குப் பயந்து இவ்வளவு தூரம் வந்தவர்கள் அல்லவா?

அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. தராசு சரியாக நிறுக்கிறதா என்று சந்தேகம். ஐயா ஊரில் நகைவேலை செய்கிறவர் என்று எப்போதோ சொல்லியிருந்தோம். அதை மறக்காமல் வைத்திருந்தார். மருந்தைத் தொடமாட்டோம், தராசை மட்டும் பார்க்கிறோம் என்றோம்.

ஐயாவின் தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது, இரண்டு தட்டு. இதற்கு ஒரு தட்டுத்தான். மறுபக்கம் கோலின்மேல் நகரும் படிகள். அளவு கிரெயினில். 7000 கிரெயின் ஒரு இறாத்தல். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம். அதிலும் பத்தில் ஒன்றைக் காட்ட வேண்டிய தராசு அது. வெள்ளைக்காரன் பார்லி மணியில் தொடங்கியிருக்கிறான், எங்கள் ஆட்கள் குன்றிமணியில்.

காற்றடிக்கும் ஹீற்றரை நிறுத்திக் கதவைச் சாத்தினோம். மேசை மட்டம் பார்த்தோம். பூச்சியத்தில் முள் வடிவாக நின்றது. கிழவருக்கு அதுவே போதும் என்றிருந்தது. "சும்மா நிக்கேக்கை எல்லாத் தராசும் நல்ல தராசுதான்" என்பார் ஐயா. சோதனைப் படிகளைச் சாமணத்தால் எடுத்து வைத்தோம். விரல் பட்டால் வியர்வையும் சேர்ந்து நிறுக்கும். 40 கிரெயின் படி முதலில் 40.3 காட்டியது. எடுத்துத் திரும்ப வைத்தோம்: 39.8. பிறகு 40.2. இப்படிப் பத்துத் தரம். ஒரே அளவாகப் பிழைத்தால் கழித்துக்கொள்ளலாம். வைக்கும்போதெல்லாம் வேறு சொன்னால் அதை வைத்து என்ன செய்வது? உச்ச அளவுக்குக் கிட்டப் போகும்போது மருந்து கூடினால் துவக்கின் அறைக்குள் அழுத்தம் ஏறும். பூட்டுக்குப் பின்னால் இருப்பது சுடுகிறவனின் முகம்.

கோல் தாங்கும் கத்திமுனையைக் காய்ந்த தூரிகையால் துடைத்தோம். ஒரு துளி எண்ணெய் விடலாமா என்றார். கையைப் பிடித்து நிறுத்தினோம். எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும். எண்ணெய்க் கையோடு தராசுப் பக்கம் போனதற்குச் சின்ன வயசில் நாங்கள் வாங்கிய அடி கொஞ்சமல்ல. கடைசியில் தம்பிதான் கண்டுபிடித்தான். கோலின் ஆட்டத்தை அடக்க நுனியில் ஒரு செப்புத் தகடு, இரண்டு காந்தங்களுக்கு இடையில். அந்தக் காந்தங்களில் மெல்லிய இரும்புத் தூள் தாடிபோல் முளைத்துத் தகட்டை உரசிக்கொண்டிருந்தது. ஒட்டு ரேப்பால் ஒற்றி எடுத்தோம். பிறகு பத்துத் தரமும் 40தான்; விலகினாலும் பத்தில் ஒன்றுக்குமேல் இல்லை.

எங்களிடம் ஒரு பவுண் காசு இருந்தது. புறப்படும்போது அம்மா சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துத் தந்தது. மேலே போய் எடுத்துவந்து தட்டில் வைத்தோம். புதுக் காசு 123.27 கிரெயின் இருக்கவேண்டும், இது 122.8. 122.5க்குக் கீழே தேய்ந்தால் இங்கிலாந்துச் சட்டப்படி அது செல்லாத காசு. இதையே சோதனைப் படியாக வைத்துக்கொண்டால் என்ன என்றார் கிழவர். தேய்கிற பொருள் படியாகாது என்றோம். அவர் காசைக் கையில் எடுத்துக் கனநேரம் பார்த்தார். அம்மாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அந்த மாதமே ஒரு தொடை எல்க் இறைச்சி எங்கள் வாசலுக்கு வந்தது. மிளகாய்த்தூள் போட்டுச் சமைத்துத் தின்றோம்.

ஐயாவுக்குக் கடிதம் போட்டோம். ஒரு வெள்ளைக்காரருக்குத் தராசு திருத்திக் கொடுத்தோம் என்று மட்டும் எழுதினோம். எதை நிறுக்கும் தராசு என்று எழுதவில்லை. மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. வீட்டு நிலைமை, அரிசி விலை, அம்மாவின் முழங்கால் எல்லாம் முடிந்து, ஓரத்தில் ஐயாவின் கையெழுத்தில் ஒரு வரி: "தட்டை இடம் மாத்தி நிறுத்துப் பாத்தனீங்களோ?"

இதற்கு ஒரு தட்டுத்தான் ஐயா என்று அடுத்த கடிதத்தில் எழுதினோம்.