மாய ராஜ்யமும் அடுத்த வீட்டு அம்மாளும்

ஆர்லாண்டோ நகரம் இருக்கும் ஜில்லாவுக்கு ஆரஞ்சு ஜில்லா என்று பெயர். பெயரை நம்பி ஏமாந்தவர்களில் அடியேனும் ஒருவன். அமெரிக்காவின் தென்கிழக்குக் கோடியில், கடலுக்குள் விரலை நீட்டினாற்போல் கிடக்கும் புளோரிடா மாகாணத்தில் விமானத்தை விட்டு இறங்கி, என் தங்கை மகனுடைய மோட்டாரில் ஏறி, முக்கால் மணி நேரம் பிரயாணம் செய்தும் ஓர் ஆரஞ்சு மரத்தைக்கூட நான் காணவில்லை. கண்டதெல்லாம் ஹோட்டல்கள், விளம்பரப் பலகைகள், அப்புறம் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வீடுகள்.

அவன் குடியிருக்கும் கிளெர்மாண்ட் என்ற சிற்றூரில் 226 அடி உயரமுள்ள ஒரு கோபுரம் இருக்கிறது. ஆரஞ்சுத் தோப்புகளை ஜனங்கள் உயரத்திலிருந்து கண்டு களிப்பதற்காக 1956ல் கட்டியது. அந்தக் காலத்தில் மேலே ஏறினால் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைக் கம்பளமாம். 1983 டிசம்பரிலும், 1985 ஜனவரியிலும், 1989 டிசம்பரிலும் விழுந்த கடும் உறைபனியில் தோப்புகள் கருகிப் போயின. மறுபடியும் கன்று நடுவதைக் காட்டிலும் மனை போட்டு விற்பது லாபம் என்று சொந்தக்காரர்கள் கண்டார்கள். கோபுரம் மட்டும் பாக்கி. அதில் ஏறிப் பார்த்தேன், தெரிந்தவை கூரைகள்.

அந்தக் கூரைகளில் ஒன்றின்கீழ் எனக்காக ஒரு வழக்கு காத்திருந்தது.

தங்கை மகனின் மனைவி கெட்டிக்காரப் பெண். சென்னையில் பாங்கி உத்தியோகத்தை விட்டு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இரண்டு குழந்தைகளும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள். வீட்டிலிருந்தபடியே ஏதாவது தொழில் செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. அந்த ஊரில் அதற்குக் கைமேல் இருப்பது ஒரே தொழில்தான்: கேளிக்கைப் பூங்காக்களுக்கு வரும் குடும்பங்களுக்குப் பிரயாண ஏஜெண்டாக இருப்பது. அவளுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் ஒரு கம்பெனியின் அழைப்பும் வந்திருந்தது. சேருவதற்கு ஒரு தொகை, மாதாமாதம் ஒரு தொகை. பிறகு இலவசப் பிரயாணம், கை நிறையக் கமிஷன் என்று வர்ணனை. சேர்ப்பதற்கு அவள் எடுத்து வைத்திருந்தது சிறுவாட்டுப் பணம்.

"வேண்டாம் என்று நான் சொன்னால் பொறாமை என்கிறாள். நீங்களே சொல்லுங்கள், மாமா" என்றான் அவன்.

"மாமா, நீங்கள் சொன்னால் கேட்கிறேன். ஆனால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றாள் அவள்.

இது நியாயமான நிபந்தனையாகப் பட்டது. இந்தத் தொழிலைப் பதினைந்து வருஷமாகச் செய்து வரும் அமெரிக்க அம்மாள் ஒருத்தி அடுத்த வீட்டிலேயே இருந்தாள். முன்னாள் பள்ளி உபாத்தியாயினி. விஷயத்தைச் சொன்னதும், "முதலில் சரக்கைப் பாருங்கள், ஐயா. வியாபாரத்தை அப்புறம் பேசலாம்" என்று மறுநாள் காலையில் எங்களைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

வால்ட் டிஸ்னியின் பெயரைத் தாங்கிய அந்தப் பிரதேசத்தைப் பூங்கா என்று சொல்வது, காவேரியை வாய்க்கால் என்று சொல்வது போல. 1955ல் கலிபோர்னியாவில் அவர் திறந்த முதல் கேளிக்கை நகரத்தைச் சுற்றிப் பிறத்தியார் ஹோட்டல்களும் கடைகளும் முளைத்து லாபத்தைக் கொண்டு போயினவாம். இரண்டாம் முறை அவர் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. 1964, 1965 ஆண்டுகளில், யார் வாங்குகிறார்கள் என்று வெளியே தெரியாதபடி பொய்ப் பெயர்க் கம்பெனிகளை வைத்து, சதுப்பும் புதருமாகக் கிடந்த ஏறக்குறைய 27,000 ஏக்கர் நிலத்தை இங்கே வாங்கிப் போட்டார். 1966 டிசம்பரில் அவர் காலமாகிவிட்டார். தமையன் ராய் டிஸ்னி வேலையை முடித்து, 1971 அக்டோபர் 1ந் தேதி திறந்து வைத்து, அந்த டிசம்பரிலேயே தாமும் கண்ணை மூடினார்.

மோட்டாரை நிறுத்திய இடத்திலிருந்து மாய ராஜ்யத்துக்கு ஏரியைக் கடந்து படகில் போனோம். அக்கரையில் சிண்டரெல்லாவின் கோட்டை 189 அடி உயரத்தில் பனிமூட்டத்தினூடே தெரிகிறது. எத்தனை விருத்தாப்பியனானாலும் அந்த நிமிஷத்தில் மனசு சிறிது சிறுபிள்ளையாகிவிடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மாள் எனக்குக் காட்டியது கோட்டையை அல்ல. மெயின் தெரு மாடி ஜன்னல் ஒன்றைக் காட்டினாள். அதில் 'எம். டி. லாட்' என்ற பெயரில் ஒரு மனை வியாபாரக் கம்பெனி விளம்பரம் எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால் 'காலி மனை' என்று காதில் விழும். பழைய பொய்ப் பெயர்க் கம்பெனிகளின் ஞாபகார்த்தம்! நிலம் வாங்கிய சூழ்ச்சியையும் வேடிக்கைப் பொருளாக்கிய சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது?

"நாம் நிற்பது தரையல்ல, மேல்மாடி" என்றாள் அடுத்தபடியாக. உண்மைதான். இந்தப் பிரதேசத்தில் சிறிது தோண்டினால் தண்ணீர். ஆகையால் சுரங்கத்தைத் தரைமட்டத்தில் கட்டி, ஏரி வெட்டிய மண்ணைச் சுற்றிலும் கொட்டி, அதன்மேல் தெருக்களை அமைத்துவிட்டார்கள். வேஷக்காரர்களும் குப்பையும் சாப்பாட்டுச் சாமான்களும் காலடியில் கண்ணுக்குத் தெரியாமல் போய் வருகின்றன. மேலே நடப்பவனுக்கு எல்லாம் தாமாகவே நடப்பது போலிருக்கும்.

பகல் இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. கோடையில் பிற்பகல் இடிமழை இங்கே நித்திய நைவேத்தியம். மின்னல் கண்டால் திறந்தவெளி ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நாலாபுறமும் ஓடினார்கள். நாங்கள் மட்டும் கூரையுள்ள இடத்தில், முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்த மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "எப்படி அம்மா இது?" என்று கேட்டதற்கு, "இதுதான் ஐயா என் சரக்கு" என்றாள்.

1971ல் மூன்றரை டாலர் கொடுத்து உள்ளே நுழைந்து, ஒவ்வொரு விளையாட்டுக்கும் சீட்டுக் கிழித்துக் கொடுத்தால் தீர்ந்தது. 2025ல் கிறிஸ்துமஸை அடுத்த நாட்களில் ஒருவருக்கு ஒரு நாள் சீட்டு 199 டாலர். விலை நாளுக்கு நாள் வேறு. க்யூவில் நிற்காமல் போக 'மின்னல் பாதை' என்று தனிச் சீட்டு; அதற்குத் தனி விலை, தனிச் சட்டம். பெயர்பெற்ற சாப்பாட்டு விடுதிகளில் இடம் வேண்டுமானால் அறுபது நாளுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். முகூர்த்தத்துக்குக் கல்யாண மண்டபம் பிடிக்கிற அவஸ்தைதான். இப்படிப்பட்ட பூங்காக்கள் அந்த ஒரு கம்பெனிக்கே இங்கு நான்கு. எதிர்க் கம்பெனியான யுனிவர்சல் 1990லும் 1999லும் திறந்தவை போக, 2025 மே மாதத்தில் இன்னொன்றும் திறந்துவிட்டது. சாதாரணக் குடும்பஸ்தனுக்குத் தலை சுற்றுகிறது. அந்தச் சுற்றலிலிருந்து பிறந்ததுதான் இந்தத் தொழில்.

இரண்டாம் நாள் போன எப்காட் என்ற பூங்காவில் பதினொரு தேசங்களுக்கு மண்டபங்கள் இருக்கின்றன. நார்வேக்கு உண்டு, மொராக்கோவுக்கு உண்டு, இந்தியாவுக்கு இல்லை. மிருகங்கள் வாழும் இன்னொரு பூங்காவில் 'ஆனந்தபூர்' என்று கற்பனை ராஜ்யம் ஒன்றைப் படைத்து, இடிந்த அரண்மனையில் புலிகளை உலவவிட்டிருக்கிறார்கள். வேலைப்பாடு வெகு நேர்த்தி. இருந்தாலும் நம் தேசம் என்றதும் இவர்களுக்கு இடிபாடுதானே தோன்றியது என்று எனக்குச் சுருக்கென்றது. அம்மாளிடம் சொல்லவும் சொன்னேன். "வருகிறவர்களில் பலர் வேறு இந்தியாவைப் பார்த்ததில்லை, ஐயா" என்றாள். அது சமாதானமாகாது.

மூன்றாம் நாள் அவள் வீட்டு அடுக்களை மேஜையில் உட்கார்ந்தோம். ஆபீஸ் அதுதான்: ஒரு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன், பழுப்பேறிய ஒரு கணக்கு நோட்டு.

முன்காலத்தில் பிரயாண ஏஜெண்டுகள் கடைவீதியில் ஆபீஸ் வைத்து, விமானச் சீட்டுக் கமிஷனில் வாழ்ந்தவர்கள். 1995ல் விமானக் கம்பெனிகள் கமிஷனுக்கு உச்சவரம்பு கட்டின. 2002ல் அடியோடு நிறுத்திவிட்டன. ஆபீஸ்கள் பல மூடின. தொழில் அடுக்களைக்குக் குடியேறிற்று. இப்போது ஒரு தாய் ஏஜென்ஸியின் பெயரில் பதிவு செய்துகொண்டு, சம்பளமில்லாமல் சொந்தப் பொறுப்பில் வேலை செய்கிறார்கள். பிரயாணிக்கு இதனால் ஒரு செப்புக்காசுகூட அதிகச் செலவில்லை. கமிஷனைப் பூங்காக் கம்பெனி கொடுக்கிறது.

"எவ்வளவு?" என்று மருமகப் பெண் கேட்டாள்.

நோட்டைத் திருப்பினாள் அம்மாள். "ஒரு குடும்பம் 6,000 டாலருக்கு ஏற்பாடு செய்கிறது. நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள். 600 டாலர். தாய் ஏஜென்ஸிக்கு நூற்றுக்கு முப்பது போனால் உனக்கு 420. இதற்கு நான் செலவழித்தது முப்பது மணி நேரம்."

பாங்கியில் இருந்தவளாயிற்றே, வாயிலேயே வகுத்தாள். "மணிக்கு 14 டாலர்."

"வரி கட்டுவதற்கு முன்! சொந்தத் தொழில் வரி மட்டும் நூற்றுக்குச் சுமார் பதினைந்து."

இந்த மாகாணத்து ஜனங்கள் 2020ல் வோட்டுப் போட்டு, குறைந்தபட்சக் கூலி 2026 செப்டம்பருக்குள் மணிக்கு 15 டாலராக வேண்டும் என்று தீர்மானித்தார்கள். ஹோட்டலில் படுக்கை விரிப்பு மாற்றுகிறவளுக்கும் உள்ள கூலி அது. இதைச் சொல்லிவிட்டு அம்மாள் காபி ஊற்றினாள். யாரும் பேசவில்லை.

அந்த 420 டாலரும் எப்போது வரும் தெரியுமா? குடும்பம் போய்த் திரும்பிய பிறகு. ஒரு வருஷம் முன்பே 200 டாலர் முன்பணம் கட்டிப் பதிவு செய்வார்கள். பாக்கியைப் புறப்படுவதற்கு முப்பது நாள் முன்பு கட்டினால் போதும். அதற்குள் மனம் மாறினால் அவர்கள் பணம் திரும்பிவிடும். அவளுடைய முப்பது மணி நேரம் திரும்பாது. நம் ஊரில் அப்பளம் இட்டுக் கொடுக்கும் அம்மாள் சாயங்காலமே எடை போட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போகிறாள். ராட்டை சுற்றினவளுக்கும் நூலுக்கு நூல் காசு. கடலளவு பணம் புரளும் இந்தத் தொழிலில் கூலிக்காரிக்கு ஒரு வருஷத் தவணை!

இன்னொரு விந்தை. நடுவில் கம்பெனி தள்ளுபடி அறிவித்தால், பதிவு செய்த குடும்பத்துக்கு அதை வாங்கித் தருவது ஏஜெண்டின் கடமையென்று அவள் நினைக்கிறாள். அறிவிப்பு வந்த அன்று விடியற்காலையிலேயே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து 6,000த்தை 5,100 ஆக்கிவிடுவாள். கமிஷனில் அவள் பங்கு 420லிருந்து 357 ஆகும். "கஷ்டப்பட்டு உங்கள் வருமானத்தை நீங்களே குறைத்துக்கொள்கிறீர்களே?" என்று நான் கேட்டேன். "அந்தக் குடும்பம் அடுத்த முறையும் என்னிடம்தான் வரும். தங்கை குடும்பத்தையும் அனுப்பும். எனக்கு விளம்பரச் செலவு இல்லை, ஐயா" என்றாள். அவள் குரலில் கொஞ்சம் கர்வம் இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

2020 மார்ச் மாதத்துப் பக்கம் வந்தபோது நோட்டைச் சிறிது நேரம் திருப்பாமல் வைத்திருந்தாள். கொள்ளைநோயினால் அந்த மார்ச் 15ந் தேதி இரவு மூடிய மாய ராஜ்யம் ஜூலை 11ந் தேதிதான் மறுபடி திறந்தது. அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு பெயரின்மீதும் ஒரு கோடு. ஒவ்வொரு கோடும் முன் வருஷம் செய்து முடித்த வேலை. அத்தனை பேருக்கும் பணத்தைத் திருப்பி வாங்கித் தரும் வேலையையும் அவளே செய்தாள், கமிஷன் ஒன்றுமில்லாமல். கணவருடைய சம்பளம் இல்லாவிட்டால் வீடு போயிருக்கும் என்றாள்.

கடைசியில் மருமகப் பெண் தனக்கு வந்த அழைப்புக் காகிதத்தை எடுத்து நீட்டினாள். அம்மாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள். "பிரயாணம் விற்றால் என்ன கிடைக்கும் என்று நாலு வரி. ஆள் சேர்த்தால் என்ன கிடைக்கும் என்று இரண்டு பக்கம்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

இப்படி ஆள் சேர்ப்பதையே பிழைப்பாகக் கொண்டதென்று ஒரு பிரயாணக் கம்பெனியின்மீது கலிபோர்னியா அரசாங்கத் தலைமை வழக்கறிஞர் 2008ல் வழக்குத் தொடர்ந்து, மறு வருஷம் பணம் கட்ட வைத்த கதையும் உண்டு. புளோரிடாவில் பிரயாணம் விற்கும் ஏஜென்ஸிகள் விவசாய, நுகர்வோர் சேவை இலாகாவில் பதிவு செய்ய வேண்டும். ஆரஞ்சு போன பிறகும் விவசாய இலாகாவுக்கு வேலை போகவில்லை! எந்தத் தாய் ஏஜென்ஸியானாலும் அங்கே விசாரித்துவிட்டுச் சேரலாம். பூங்காக் கம்பெனி ஏஜெண்டுகளுக்கென்று நடத்தும் பாடங்களுக்குக் கட்டணமில்லை. பணம் கட்டிச் சேர வேண்டிய அவசியமே இல்லாத ஏஜென்ஸிகளும் உண்டு என்று அம்மாள் சொன்னாள்.

இரவு என் தீர்ப்பைக் கேட்டார்கள். அந்தக் கம்பெனிக்குச் சிறுவாட்டுப் பணத்தில் ஒரு டாலர்கூடப் போகக் கூடாது என்றேன். தங்கை மகன் முகம் மலர்ந்தது. தொழிலைச் செய்வதாயிருந்தால், மூன்று வருஷத்துக்கு அதிலிருந்து ஒரு மாதச் செலவையும் எதிர்பாராமல், மணிக் கணக்கு எழுதிக்கொண்டு செய்யலாம் என்றேன். அவன் முகம் சுருங்கியது. அவள் ஒன்றும் சொல்லாமல் குழந்தைகளின் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து, எழுதாத பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தாள். முதல் பத்தியின் தலைப்பு: 'மணி'.

ஊர் திரும்பிய பின் அவளிடமிருந்து கடிதம் வந்தது. அடுத்த வீட்டு அம்மாள் இருக்கும் ஏஜென்ஸியிலேயே சேர்ந்திருக்கிறாளாம். நாஷ்வில் நகரத்திலிருந்து ஒரு குடும்பம், நான்கு பேர், முன்பணம் 200 டாலர் கட்டியாகிவிட்டது. இதுவரை பதினொரு மணி நேரம் ஆகியிருக்கிறது. அவர்கள் புறப்படுவது அடுத்த ஏப்ரலில்.