பழைய வலைச்செயலிகளும் சூழ்நிலைவழிச் சோதனையும்

மென்பொருளின் பழைமையை அதன் வயதுகொண்டு அளப்பதே வழக்கம். ஆயின், சோதனைகளின் துணையின்றி நிற்கும் நிரல் யாவும் மரபுவழி நிரலே என மைக்கல் பெதர்ஸ் 2004இல் வெளியிட்ட நூலில் வரையறுத்தார். வலைச்செயலிகளுக்கு இவ்வரைவிலக்கணம் பெரிதும் பொருந்தும். எழுதியோர் விலகிச் சென்றபின்னும் அவர்தம் எடுகோள்கள் நிரலினுள் மௌனமாக வாழ்கின்றன.

1995இல் தோன்றிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஆண்டை அறியும் கட்டளை, 1900ஐக் கழித்தே விடைதந்தது. அவ்விடையின்முன் 19 என ஒட்டிய வலைப்பக்கங்கள் 1999 வரை பிழையின்றி இயங்கின. 2000 சனவரி 1இல் அவை '19100' எனக் காட்டின. அது நகைப்புடன் கழிந்தது. எல்லாப் பிழைகளும் அவ்வாறு தம்மைக் காட்டிக்கொடுப்பதில்லை.

இலங்கையின் நேரத்தை நோக்குக. கிறீன்விச் நேரத்திற்கு 5.30 மணி முற்பட்டிருந்த அது, 1996 மே மாதத்தில் 6.30 ஆகவும், அவ்வாண்டு ஒக்டோபரில் 6.00 ஆகவும் மாற்றப்பட்டு, 2006 ஏப்பிரலில் மீண்டும் 5.30 ஆயிற்று. 2000 சனவரி 1இல் பிறந்த மாணவியொருத்தியின் பிறந்த திகதியை, அந்நாள் தொடங்கும் நள்ளிரவாகக் கொண்டு, கிறீன்விச் நேரத்திற்கு மாற்றிச் சேமிக்கும் செயலியொன்றைக் கருதுக. சேமிக்கும் கூறு நேரமாற்ற வரலாற்றை அறிந்தது. ஆகவே 1999 டிசெம்பர் 31, மாலை 6 மணி எனப் பதிகின்றது. காட்டும் கூறோ இலங்கை நேரம் என்றும் 5.30 தான் என்ற எடுகோளுடன் எழுதப்பட்டது. அது பெறுவது டிசெம்பர் 31, இரவு 11.30. மணியை மறைத்துத் திகதியை மட்டும் அச்சிடுங்கால் ஆண்டே மாறிவிடுகின்றது. அடையாள அட்டையுடன் ஒவ்வாத அனுமதி அட்டையை ஏந்திப் பரீட்சை மண்டப வாயிலில் நிற்பவள் அம்மாணவியேயன்றிக் கணினியன்று.

கூறுகளைத் தனித்தனியே சோதிப்பவர் இதனைக் காண்பதரிது. 'ஒருத்தி தன் பிறந்த திகதியைப் பதிகின்றாள். பின் அட்டையை அச்சிடுகின்றாள்' என வாழ்வின் ஒழுங்கிலே செலுத்தும் சூழ்நிலையே பிழையைப் புலப்படுத்தும். அதற்கும் 1995, 2000, 2007 எனப் பிறந்த ஆண்டுகளைத் தெரிவதற்கு நாட்டு வரலாறு தெரிந்திருத்தல் வேண்டும். நிரலாளருக்கு வரலாறு எதற்கு என வினவுவாரும் உளர்!

திருத்துமுன், பழைய கூறு இன்று செய்வதை உள்ளவாறே சோதனையாகப் பதிந்துகொள்க என்பது பெதர்ஸ் கூறும் வழி. நல்ல வழியே; எனினும் பிழையான திகதியும் அப்பதிவிற் சரியான விடையாக அமர்ந்துவிடக்கூடும். இன்னுமொன்று: பிழையைப் பட்டறிந்த எழுதுவினைஞர் 2ஆந் திகதியெனப் பதிந்து 1ஆந் திகதியைப் பெற்றிருக்கலாம். கூறு திருத்தப்பட்டதும் அவ்வாறு பதியப்பட்டோர் ஒருநாள் இளையோராவர். அவ்வெழுதுவினைஞரின் சூழ்நிலையும் சோதனையில் இடம்பெறல் வேண்டும்.