ஜரிகையில் ஓடும் மின்சாரம்

அசல் ஜரிகை ஒரு மின்கம்பி. வெள்ளிக் கம்பியை மெல்லிதாக இழுத்து, தட்டையாக்கி, பட்டு இழையின் மேல் சுருளாகச் சுற்றித் தங்க முலாம் பூசுகிறார்கள். வெள்ளியைவிட நன்றாக மின்சாரம் கடத்தும் உலோகம் இல்லை. பட்டோ மின்சாரத்தை விடவே விடாது. பழைய தொலைபேசியின் ரிசீவர் கம்பிக்குள்ளும் இதே அமைப்புதான் இருந்தது: நூலின் மேல் சுற்றிய செம்புத் தகடு. வெறும் கம்பியை மடித்து மடித்து நிமிர்த்தினால் ஒடிந்துவிடும்; சுற்றிய தகடு வளைந்து கொடுக்கும்.

திருபுவனம் தறிகளுக்கு டிசைன் போடுவது என் தொழில். கரைக்கும் முந்திக்கும் கட்டத்தாளில் வரைந்து, அட்டை குத்தக் கொடுப்பேன். சில காலமாக எலெக்ட்ரானிக்ஸ் ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து, தொட்டால் உணரும் பட்டுத்துணி செய்துகொண்டிருக்கிறேன். விரல் நெருங்கினால் ஜரிகையில் மின்னூட்டம் தேங்கும் அளவு மாறும். துணியோடு இணைத்த சின்ன சிப் அதைக் கண்டுகொண்டு விளக்கைப் போடும், பாட்டை ஒலிக்கவிடும்.

யோசனை புதிதல்ல. 1990களில் எம்ஐடி மீடியா லேபில் மேகி ஆர்த், ரெமி போஸ்ட் ஆகியோர் துணியிலேயே மின்சுற்று அமைத்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட துணிகளில் ஒன்று பட்டு ஆர்கன்சா: பாவில் வெறும் பட்டு, ஊடையில் செம்புத் தகடு சுற்றிய பட்டு. இந்தியாவில் அலங்கார உடைக்கென்று நெய்துவந்த ரகம் அது. 2017இல் கூகுளும் லீவைஸும் கைப்பகுதியில் தொடு உணர்வு நெய்த ஜாக்கெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தன.

எங்கள் வேலை ஜரிகையைச் சோதிப்பதில் தொடங்கியது. ஆய்வாளர் மல்டிமீட்டரோடு தறிமேடைக்கு வந்தார். அசல் ஜரிகைக் கரையில் இரண்டு முனைகளை வைத்ததும் 'பீப்' என்றது. செம்பை அடியாகக் கொண்ட டெஸ்டட் ஜரிகையும் கத்தியது; ஆனால் வியர்வை பட்டால் அது சீக்கிரம் கறுக்கும். பாலியெஸ்டர் ஜரிகையில் சத்தமே இல்லை. அது உலோகம் ஏற்றிய பிளாஸ்டிக் படலம், மேலே பூச்சு வேறு. "இனிமே சேலை வாங்க வர்றவங்க இந்தப் பெட்டியோடதான் வருவாங்க போலருக்கு சார்" என்று தறிக்காரர் சிரித்தார்.

அடுத்தது முந்தி. கரை இரண்டும் நடுவிலுள்ள உடல்பகுதிப் பட்டினால் பிரிந்திருப்பதால், மின்சாரக் கணக்கில் இரண்டும் தனித்தனி வழி. முந்தியிலோ ஜரிகை ஊடை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஓடுகிறது. இரண்டையும் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும். ஜரிகைக்கு மின்காப்புப் பூச்சு கொடுத்துவிடலாம் என்றார் ஆய்வாளர்.

"பூச்சு அச்சுல உரசி உரிஞ்சிடும் சார். ஊடையக் கரைக்கு முன்னாடியே திருப்பிடுறேன். புட்டாவுக்குச் செய்யறதுதானே?" என்றார் தறிக்காரர்.

ஒவ்வொரு புட்டாப் பூவுக்கும் ஊடை சுற்றிய ஒரு சின்னத் தார். அது பூவின் விளிம்புவரை போய்த் திரும்பிவிடும். பக்கத்துப் பூவைத் தொடாது. அப்படி நெய்தால் ஒவ்வொரு பூவும் ஒரு பொத்தான். ஆய்வகம் தேடிய மின்காப்பு நெசவிலேயே இருந்தது.

சேலையை விசிறி மடிப்பாக மடிப்பது திருபுவனத்து வழக்கம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தச் சேலைக்கு அதுவும் ஓர் அடையாளம். மடிப்பு எங்கே விழும் என்று முன்பே தெரியும் என்பதால், இணைப்புகள் அந்தக் கோட்டில் வராதபடி டிசைன் போட்டேன். சால்டரிங் சூட்டைப் பட்டு தாங்காது. ரவிக்கைக்குத் தைக்கும் உலோகப் பிரஸ் பட்டனே எங்கள் இணைப்பு.

ஊடையைத் திருப்பும் இந்த ஜாம்தானி நெசவு, கொள்ளிடக் கரையிலுள்ள கோடாலிக்கருப்பூரில் ஒரு காலத்தில் உச்சத்தில் இருந்தது. பருத்தியில் ஜரிகைப் பூ நெய்து, மெழுகு இட்டு, சாயம் ஏற்றுவார்கள். நெசவாளர், மெழுகு எழுதுபவர், சாயக்காரர் எல்லோரும் ஒரே சேலைக்காகச் சேர்ந்து உழைத்தார்கள். அந்த உழைப்புக்குப் பணம் கொடுத்தது இரண்டாம் சரபோஜி காலத்துத் தஞ்சை அரண்மனை. 1855இல் இரண்டாம் சிவாஜி இறந்து அரசு முடிந்தபின் அந்தச் சேலையும் நின்றுபோனது. நிறுத்தியது கைத்திறனின் குறை அல்ல, கூலி கொடுக்க ஆள் இல்லாமை.

இன்றும் கேள்வி அதுதான். தறிக்காரருக்குச் சேலைக் கணக்கில் கூலி. சோதனைக்காக நெய்து, அவிழ்த்து, மறுபடி நெய்யும் நாட்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆய்வுத் திட்டம் எழுதும் நண்பர்கள் சிப்புக்கும் மீட்டருக்கும் பணம் ஒதுக்கும்போது, நெசவாளரின் சோதனை நாளுக்கும் கூலி எழுதுங்கள். கட்டுரையிலும் காப்புரிமையிலும் அவர் பெயரைச் சேருங்கள். ஊடையைத் திருப்பச் சொன்னது நானுமல்ல, ஆய்வாளருமல்ல.