லைசென்ஸ் வேண்டாத வண்டி... ஓசூருக்கு வருமா?

ஓசூரில் பஸ் ஏறி, அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி, பொம்மசந்திராவில் மெட்ரோ பிடித்தேன். 2025 ஆகஸ்ட்டில் மஞ்சள் வழித்தடம் திறந்த பிறகு பெங்களூரு நமக்குப் பக்கத்துத் தெரு மாதிரி! இரண்டு இடத்தில் ரயில் மாறி கப்பன் பார்க்கில் இறங்கினேன். தேடி வந்தது யூலு என்ற வாடகை மின்சார பைக்கை.

ஆப்பில் பணம் போட்டு, வண்டியில் இருக்கும் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் லாக் திறக்கிறது. வேகம் 25 கிலோமீட்டரைத் தாண்டாது. அதனால் லைசென்ஸ் தேவையில்லை. பெடலும் கிடையாது. முதல் திருப்பத்தில் என் கால் அதைத் தேட, பின்னால் வந்த ஆட்டோ அண்ணன் கன்னடத்தில் ஏதோ சொன்னார். பாராட்டாக இருக்க வாய்ப்பில்லை. அப்புறம் மரநிழலில் அரைமணி நேரம் ஜாலியாக ஓட்டினேன். வண்டியை அதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் விட வேண்டும்.

என் ரூம்மேட்டுக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. ஷிஃப்ட் முடிந்தால் கம்பெனி பஸ் மெயின் ரோட்டோடு சரி. ஷேர் ஆட்டோ கிடைக்காவிட்டால் இருட்டில் 2 கிலோமீட்டர் நடை. லைசென்ஸ் இல்லை. பள்ளியில் கிடைத்த அரசு சைக்கிள் ஊரில் தம்பியிடம்.

அவளுக்கு வண்டியின் போட்டோ அனுப்பினேன். உடனே பதில்: “நம்ம பஸ் ஸ்டாப்புக்கு வருமாடி? ராத்திரி 11 மணிக்கும் இருக்குமா?”