உணவுக்கு முன்

என் பேத்தி பி.ஃபார்ம். முடித்துவிட்டுச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். என்ன வேலை என்று கேட்டேன். "மெடிக்கல் ரைட்டர், தாத்தா. மருந்துப் பெட்டியில் மடித்து வைக்கும் தாள், நோயாளிக்கான விளக்கம் எல்லாம் எழுதணும். இது புது ஃபீல்டு" என்றாள்.

"புதுசு இல்லேம்மா" என்றேன். அமெரிக்க டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியம் பார்த்துக்கொண்டே தமிழ் கற்றார். மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். அதற்குப் புத்தகம் வேண்டுமே! 1867-ல் 'இரண வைத்தியம்', 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று வரிசையாகத் தமிழில் கொண்டுவந்தார். 1873-ல் ஊர் திரும்பிய பிறகும் அந்த வேலையை அவர் விடவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, குமாஸ்தாவான பிறகு தமிழில் கோப்பு எழுதத் தடுமாறியவன் நான். அவர் பட்ட பாடு எனக்குப் புரியும்.

பிறகு அவளிடம் இன்னொன்றும் சொன்னேன். எதிர்வீட்டு நெசவாளருக்குச் சர்க்கரை நோய். மாத்திரைச் சீட்டை என்னிடம் நீட்டினார். 'காலை, உணவுக்கு முன்' என்று படித்துச் சொன்னேன். அவரும் தவறாமல் விடியற்காலை ஐந்து மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு தறிக்குழியில் இறங்கிவிடுவார். சாப்பிட ஒன்பது மணியாகும். ஒருநாள் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, தறியிலேயே சாய்ந்துவிட்டார். மனைவி சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததில் பிழைத்தார்.

"சாப்பாட்டுக்கு முன்னாலதானே சார் போட்டேன்?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. சீட்டில் தப்பில்லை, நான் படித்ததிலும் தப்பில்லை. ஆனால் அவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று நான் கேட்கவே இல்லையே!

மறுநாள் நானே அவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் சொன்னதைக் கொட்டை எழுத்தில் ஓர் அட்டையில் எழுதித் தறிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன்: 'மாத்திரை போட்டு அரை மணிக்குள் சாப்பிட வேண்டும். சாப்பாடு தயாராகவில்லை என்றால் மாத்திரை போடக்கூடாது.'

பேத்தி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த அட்டையை ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க தாத்தா, என் மேஜையில் வச்சுக்கறேன்" என்றாள்.

அனுப்பிவிட்டேன். முப்பத்தைந்து வருஷம் கோப்பு எழுதினேன். உருப்படியாக எழுதியது அந்த இரண்டு வரிதான் என்று இப்போது தோன்றுகிறது.