பாங்குகள் பேசிக் கொள்கின்றன

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காய்கறி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கடைக்காரர் கத்தரிக்காயை நிறுத்து முடிப்பதற்குள், எந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைந்திருக்கிறது, எந்த வீட்டுப் பிள்ளை வேலையை விட்டுவிட்டான் என்ற சமாசாரமெல்லாம் காதில் விழுந்துவிடும். இந்தப் பெருமையை முழுக்கப் பெண்களுக்கே கொடுத்துவிட்டு ஆண்கள் கேலி செய்வது வழக்கம். ஆனால் சகோதரிகளே, நம்மைவிடச் சாமர்த்தியமாக ஊர் சமாசாரம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காய்கறிக் கடையில் நிற்பதில்லை; குளுகுளு அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள்தான் பாங்குக்காரர்கள்!

நீங்கள் எந்த மாதம் எவ்வளவு தவணை கட்டினீர்கள், எத்தனை நாள் தாமதித்துக் கட்டினீர்கள், யாருடைய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதெல்லாம் ஒரு பாங்கிலிருந்து மற்ற பாங்குகளுக்குப் போய்விடுகிறது. நேராகப் போவதில்லை. நடுவில் ஒரு ஸ்தாபனத்திடம் கொடுத்து வைக்கிறார்கள். கடன் கேட்டு நீங்கள் ஒரு பாங்குக்குப் போனால், அவர்கள் அங்கே கேட்டுத் தெரிந்து கொள்கிறார்கள்.

"நன்றாயிருக்கிறதே! நம் வீட்டு வரவு செலவை ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பதா?" என்று உங்களுக்குக் கோபம் வரலாம். கொஞ்சம் பொறுங்கள். இப்படிப் பேசிக் கொள்ளாமல் இருந்த காலத்தில் என்ன நடந்தது என்று முதலில் பார்ப்போம்.

சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்று ஒன்று இருந்தது. வெள்ளைக்காரர் கம்பெனி, நூறு வருஷத்துப் பெயர். பென்ஷன் வாங்கியவர்கள், வக்கீல்கள், விதவைகள் எல்லாரும் கையிலிருந்த பணத்தை அங்கே போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். பணம் போட்டவர்கள் என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் அவர்கள் அந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்கள். ஆனால் கம்பெனிக்கு வேறு எங்கெங்கே எவ்வளவு கடன் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. லண்டனில் இருந்த கூட்டாளி ஊக வியாபாரத்தில் பணத்தை வாரி இறைத்தது மயிலாப்பூர்க்காரர்களுக்கு எப்படித் தெரியும்? 1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை, கம்பெனி கதவைச் சாத்திவிட்டது. பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணமும் பிள்ளையின் படிப்புக்கு வைத்திருந்த பணமும் ஒரே நாளில் கேள்விக்குறியாகிவிட்டன. கம்பெனித் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் பிற்பாடு சிறைக்குப் போனார். அதனால் பணம் போட்டவர்களுக்கு என்ன லாபம்?

அந்த இடியிலிருந்து ஒரு நன்மையும் பிறந்தது. மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று உழைக்க, 1907 ஆகஸ்டு 15-ஆம் தேதி இந்தியன் பாங்கு வேலையைத் தொடங்கியது. நம்மவர்களே நடத்தும் பாங்கு ஒன்று வந்துவிட்டது. ஆனால் கடன் வாங்குகிறவரின் முழுக் கணக்கும் கொடுக்கிறவருக்குத் தெரிய வேண்டும் என்ற பாடம் நடைமுறைக்கு வர இன்னும் வெகு காலம் ஆயிற்று.

இந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடம் போகாமலே தெரிந்து வைத்திருந்தவர்கள் நம் நாட்டுக்கோட்டை நகரத்தார்கள். பர்மாவில் லேவாதேவி செய்த காலத்தில், ரங்கூனில் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியைத் தீர்மானித்தார்கள். ஒருவருக்கொருவர் போட்டிக்காரர்கள்தான். ஆனாலும் கூடிப் பேசினார்கள். ஓரிடத்தில் வாக்குத் தவறியவனுக்கு மற்றோரிடத்தில் மதிப்பு இருக்காது. இங்கே மயிலாப்பூரிலும் 1872-ல் ஏற்பட்ட ஹிந்து பெர்மனெண்ட் ஃபண்டு இருக்கிறது. அப்படிப்பட்ட ஃபண்டுகளில் கடன் கேட்கிறவரும் கொடுக்கிறவரும் பெரும்பாலும் அக்கம்பக்கத்துக்காரர்கள். முகத்தைப் பார்த்தாலே குடும்பம் தெரியும்.

இப்போது அப்படி முடியுமா? நீங்கள் அடையாறில் குடியிருப்பீர்கள். கடன் கொடுக்கும் கம்பெனி பம்பாயில் இருக்கும். முகம் தெரியாத இடத்தில் கணக்குத்தான் முகம். ஆகவே 2000-ஆம் ஆண்டில் ஸிபில் என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. 2005-ல் இதற்கென்றே தனிச் சட்டமும் வந்தது. இன்று ட்ரான்ஸ்யூனியன் ஸிபில், எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், க்ரிஃப் ஹைமார்க் என்று நான்கு ஸ்தாபனங்கள் ரிசர்வ் பாங்கின் அனுமதியோடு நடக்கின்றன.

இதை ஒரு மொய் நோட்டு என்று வைத்துக் கொள்ளுங்களேன். ஒவ்வொரு பாங்கும் தன்னிடம் கடன் வாங்கியவர்களின் கணக்கை அதில் எழுத வேண்டும். எழுதுகிறவர்களுக்குத்தான் புரட்டிப் பார்க்கும் உரிமை. 2025 ஜனவரியிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு தரமாவது புதுக் கணக்கு எழுதியாக வேண்டும் என்று ரிசர்வ் பாங்கு உத்தரவிட்டது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து 300-லிருந்து 900-க்குள் உங்களுக்கு ஒரு மார்க்கும் போட்டு விடுகிறார்கள்!

ஒழுங்காகக் கடனைக் கட்டுகிறவளுக்கு இது நல்லதுதான். வீடு வீடாகப் போய் நற்சாட்சிப் பத்திரம் வாங்க வேண்டியதில்லை. அவளுடைய நாணயமே முன்னால் போய் நின்று பேசும். ஆனால் நோட்டில் எழுதியவர் தப்பாக எழுதியிருந்தால்?

என் தங்கைக்கு அப்படித்தான் நேர்ந்தது. அடையாறில் பதினான்கு வருஷமாக வாடகை வீட்டில் இருக்கிறாள். பள்ளிக்கூட உபாத்தியாயினி. சென்ற வருஷம், குடியிருக்கும் தெருவிலேயே ஒரு சின்ன ஃபிளாட் விலைக்கு வந்தது. அவளும் மாப்பிள்ளையுமாக இரண்டு லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்து, நாற்பத்தைந்து நாளில் பத்திரம் பதிவு செய்வதாக ஒப்பந்தம் போட்டார்கள். பாங்கில் கடன் மனுவும் கொடுத்தாயிற்று. ஒரு வாரத்தில் பதில் வந்தது. "உங்கள் பேரில் பழைய பாக்கி இருக்கிறது, அம்மா. இப்போது கொடுப்பதற்கில்லை."

என்ன பாக்கி? தி.நகர் உஸ்மான் ரோடில் குளிர்பதனப் பெட்டி வாங்கினாளே, அதற்குக் கடன் கொடுத்த கம்பெனியின் பாக்கியாம். பத்துத் தவணையையும் தேதி தவறாமல் கட்டி, கடன் தீர்ந்தது என்று கடிதமும் வாங்கி வைத்திருக்கிறாள். கம்பெனிக்காரர்களோ கடைசித் தவணையை வரவு வைக்காமல் 1,860 ரூபாய் பாக்கி என்று மாதா மாதம் எழுதிக் கொண்டே வந்திருக்கிறார்கள்.

"நம் குடும்பத்தில் கடன் பாக்கி வைத்தவர்கள் யாரும் கிடையாது" என்றார் அவளுடைய மாமியார். கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் என் தங்கைக்குத் தாங்கவில்லை. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் ரசீதுகளையும் அந்தக் கடிதத்தையும் எடுத்துக் கொண்டாள். கணக்கைச் சேர்த்து வைக்கும் ஸ்தாபனத்துக்கு ஆட்சேபம் எழுதினாள். கடன் கொடுத்த கம்பெனிக்கும் எழுதினாள். ரிசர்வ் பாங்கு 2023-ல் போட்ட உத்தரவு ஒன்று அவளுக்குத் துணையாக இருந்தது. புகாரை முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளைக்கும் நூறு ரூபாய் வீதம் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. இருபத்து நாலாம் நாள் கணக்குத் திருத்தப்பட்டது. பதிவுக்கு ஆறே நாள் இருக்கும்போது கடன் கிடைத்தது. கம்பெனியிலிருந்து வருத்தம் தெரிவித்து ஒரு வரி வந்ததா என்று கேட்காதீர்கள்!

அந்தக் கடிதத்தை மட்டும் அவள் பத்திரமாக வைத்திராவிட்டால் என்னவாகியிருக்கும்? நினைத்துப் பாருங்கள். 1,860 ரூபாய்க்காக இரண்டு லட்சம் போயிருக்கும். வீடும் போயிருக்கும்.

பெண்கள் விஷயத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல். பின்னால் கணவரின் இனிஷியல். ஓரிடத்தில் "லட்சுமி", மற்றோரிடத்தில் "லக்ஷ்மி". விலாசமோ நாலு தடவை மாறியிருக்கும். பெயர், பிறந்த தேதி, பான் எண், விலாசம் இவற்றை ஒத்துப் பார்த்துத்தான் கணக்குகளை ஒன்று சேர்க்கிறார்கள். ஒத்துப் பார்ப்பதில் பிசகினால், யாரோ ஒரு லக்ஷ்மியின் கடன் உங்கள் தலையில் விடியலாம். நீங்கள் ஒழுங்காகக் கட்டிய கடன் உங்கள் பெயரில் சேராமலும் போகலாம்.

வீட்டுக்காரரோ தம்பியோ, "இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்று காகிதத்தை நீட்டும்போதும் நின்று படியுங்கள். கூட்டுக் கடனானாலும் ஜாமீனானாலும் அது உங்கள் கணக்கிலும் ஏறும். அவர்கள் தவணை தவறினால் உங்கள் மார்க்கும் இறங்கும். பாசம் வேறு, பத்திரம் வேறு.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். பாங்குகள் பேசிக் கொள்வதை நிறுத்த வேண்டும் என்று நாம் கேட்கப் போவதில்லை. அவர்கள் பேசாமலிருந்தால் யாருக்கு நஷ்டம் என்பதை 1906 நமக்குக் காட்டிவிட்டது. ஆனால் நம்மைப் பற்றிப் பேசுவது நம் காதிலும் விழ வேண்டும் அல்லவா? அதற்கு வழியிருக்கிறது. அந்த நான்கு ஸ்தாபனங்களும் வருஷத்துக்கு ஒரு முறை உங்கள் முழு அறிக்கையை உங்களுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள். பெயர், பிறந்த தேதி, பான் எண் சரியா, உங்களுடையதல்லாத கடன் ஏதாவது இருக்கிறதா, தீர்த்த கடன் தீர்ந்ததாகக் காட்டியிருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கடன் முடியும்போதும் "தீர்ந்தது" என்று எழுத்தில் வாங்கி, நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள்.

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கி வைத்து, விஜயதசமியன்று எடுத்துப் பிரிக்கிறோம். இந்த வருஷம் அன்றைக்கு இந்தக் கணக்கையும் பிரித்துப் பாருங்கள். ஒரு பிழையும் இல்லை என்றால் உங்களுக்கு அரை மணி நேரம்தான் செலவு.